டாக்டர் வரைந்த படம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுதக் கை வரவில்லை. பேரன் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டான், எழுதுகிறேன்.

பிறந்த மூன்றாம் நாள் பால் குடிக்கும்போது அவனுக்கு மூச்சிரைத்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. ஸ்டெதாஸ்கோப்பில் சந்தேகப்படும்படி எதுவும் கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்தும் ரத்தத்தில் அதன் அளவு 82 சதவீதத்தைத் தாண்டவில்லை. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நுரையீரலிலிருந்து வரும் நான்கு சிரைகளில் ஒன்றுகூட, சேர வேண்டிய இடது ஆரிக்கிளை, அதாவது இதயத்தின் இடது மேலறையைச் சேரவில்லை. நான்கும் இதயத்துக்குப் பின்னால் ஒன்றுகூடி, வேறொரு குழாய் வழியாக மேலேறி, மறுபடி வலப்பக்கமே வந்து விழுந்தன. அபூர்வமான குறை என்றார்கள். ஏன் நமக்கு என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

டாக்டர் சிவப்பு, நீலப் பேனாக்களை எடுத்துப் படம் போட்டார். எனக்கு உன் நினைவுதான் வந்தது. பத்தாம் வகுப்பில் நுரையீரல் சிரைக்கு நீலம் தீட்டி வாங்கிக்கட்டிக்கொண்டாயே! மற்ற சிரைகள் போலில்லாமல் அது ஆக்சிஜன் உள்ள நல்ல ரத்தத்தைக் கொண்டுவருவது, சிவப்புதான் தீட்ட வேண்டும். அந்த வயதில் அது ஒரு மதிப்பெண் சமாச்சாரம்.

என்னை அசைத்தது இன்னொன்று. நல்ல ரத்தம் எல்லாம் வலப்பக்கம் போய்விட்டால், உடம்புக்கு ரத்தம் அனுப்பும் இடப்பக்கத்துக்கு என்ன கிடைக்கும்? இரண்டு ஆரிக்கிள்களுக்கும் நடுவே ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக வந்த கலப்பட ரத்தத்தில்தான் பிள்ளை உயிரோடு இருந்தான். ஓட்டை என்று கேட்டதும் அழுத என் மகளுக்கு இதைப் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். இதய-நுரையீரல் இயந்திரத்தில் போட்டு, இதயத்தை நிறுத்தி, அந்தச் சிரைகள் கூடும் இடத்தைத் திறந்து இடது ஆரிக்கிளின் பின்சுவரோடு தைத்தார்களாம். மேலேறிய குழாயைக் கட்டிவிட்டார்கள். கடைசியாக ஓட்டையையும் மூடினார்கள். அந்த இதயம் அவனுடைய மூடிய கைப்பிடி அளவுதான் இருக்கும். அதில் ஊசி ஓட்டியிருக்கிறார்கள்.

நான்கு நாள் வெண்டிலேட்டர். அதைப் பற்றி எழுத வேண்டாம்.

தைத்த இடமோ சிரைகளோ பின்னால் சுருங்கக்கூடுமாம். அதனால் இந்த ஒரு வருடம் அடிக்கடி எக்கோ எடுக்க வேண்டும். மகள் இப்போதே நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படியேற முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. டாக்டர் வரைந்த படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிரைக்குச் சிவப்புதான் போட்டிருக்கிறார்.

உன்,
ராகவன்