பயறு கட்டுகிற துணி

ஆண்டிபட்டி,
மார்கழி 20

அன்புள்ள செல்விக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. பொங்கலுக்கு வர முடியாது என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன். லீவு கிடைக்காவிட்டால் நீயும் என்ன செய்வாய், சரி. போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டேன்மா, தூக்கம் வருதும்மா" என்று வைத்துவிடுகிறாய். இரண்டு மாதமாக வீடியோவும் போடுவதில்லை. அண்ணனுடைய சிநேகிதர் ஒருவர் அடுத்த வாரம் ஹாம்பர்க் வருகிறாராம். அவரிடம் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2 என்று மதினி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. மாப்பிள்ளை அண்ணனிடம் சொல்லி, அண்ணன் அவளிடம் சொல்லி, கடைசியாக எனக்கு வந்து சேர்ந்தது. பெற்றவளுக்கு நாலாவதாகத் தெரிகிறது. அது போகட்டும்.

32 வருஷம் அங்கன்வாடியில் இருந்தவளுக்கு 8.2 என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். வயிற்றில் பிள்ளை இருந்தால் 11 என்று கணக்கு. உனக்கு எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. நீயாகச் சொல்கிறவரை கேட்கவும் மாட்டேன். டாக்டர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் ஒருநாள்கூட விடாதே. வெளிக்குக் கறுப்பாகப் போனால் பயப்படாதே, அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும். கீழே நான் எழுதுகிற எதுவும் மாத்திரைக்குப் பதில் இல்லை, அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

ராத்திரிக்குச் சமைக்காமல், கடையில் டப்பாவில் விற்கிற முளைப்பயறைப் பச்சையாகச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறாயாம். "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைய இருக்கும்மா" என்று தீபாவளி சமயத்தில் நீயே சொன்னாய். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பச்சையாக வேண்டாம், தாயி. முளை விடுவதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகுவதற்கும் வேண்டும். கிருமி விதையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் கழுவினாலும் போகாது. 2011இல் நீ இருக்கிற அதே வடக்கு ஜெர்மனியில் முளைவிட்ட வெந்தயத்தால் ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவியதை அண்ணன் படித்துக் காட்டினான். கிட்டத்தட்ட 4000 பேர் படுத்தார்கள், 50 பேருக்கு மேல் செத்தே போனார்கள். அதிலும் உடம்பு இளைத்தவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் பச்சை முளைப்பயறைத் தொடவே கூடாது. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

பயறு முளைக்கும்போது என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னது இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. காய்ந்த பயறு மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கும். தண்ணீர் பட்டதும் மூச்சுவிடத் தொடங்கும். மூச்சுவிட்டால் உள்ளே பக்கத்தில் இருப்பதைத் தாக்கிக் கெடுக்கிற ஆக்சிஜன் துகள்களும் உண்டாகும். அவை இளங்குருத்தைக் கருக்கிவிடாமல் இருக்க விதை தனக்குத்தானே காவல் சரக்கு தயாரிக்கிறது. நீ சொல்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் அதுதான். வைட்டமின் சி அதில் ஒன்று. காய்ந்த பாசிப்பயறில் அது பேருக்குத்தான் இருக்கும். முளைவிட்ட பிறகு 100 கிராமில் 13 மில்லிகிராம் அளவுக்கு வந்துவிடும். முதல் உலகப்போரில் மெசபடோமியாவுக்குப் போன நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. அந்த நாளில் லண்டன் லிஸ்டர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஹாரியட் சிக் என்ற அம்மாள், முளைகட்டின பயறு அந்த ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்று காட்டினார். காயும் பழமும் கண்ணில் படாத பாலைவனத்துக்கு அது பெரிய விஷயம். உனக்கு அங்கே ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைக்கிறதே, வைட்டமின் சிக்கு முளைப்பயறையே நம்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் டப்பாவில் எழுதாத ஒன்று இருக்கிறது. அப்பத்தா கொள்ளு ஊறவைத்தால் மறுநாள் அந்தத் தண்ணீர் செம்பழுப்பாக நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? தோலில் இருக்கிற துவர்ப்பு தண்ணீரில் இறங்குவதால் வருகிற நிறம் அது. அந்தத் துவர்ப்பும் ஆன்டிஆக்ஸிடன்ட் வகைதான். ஆனால் அதே துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. ஆக, ஊறவைத்து முளைகட்டும்போது ஒரு பக்கம் துவர்ப்பு குறைகிறது, இன்னொரு பக்கம் வைட்டமின் சி புதிதாக வருகிறது. முளைகட்டினால் ஆன்டிஆக்ஸிடன்ட் கூடியது என்று ஒருவரும் குறைந்தது என்று இன்னொருவரும் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். எந்தப் பயறு, எத்தனை மணி ஊறியது, எத்தனை நாள் முளைத்தது என்பதை வைத்து மாறும். பாசிப்பயறில் பெரும்பாலும் கூடும். தோல் கறுத்த பயறில் முதலில் இறங்கும். உனக்கு இப்போது அந்த எண்ணிக்கை முக்கியமில்லை, செல்வி. துவர்ப்பு போவதுதான் உனக்கு நல்லது. பயறில் ஃபைட்டேட் என்று ஒன்று இரும்பைப் பூட்டி வைத்திருக்கும், முளை விடும்போது அதுவும் இளகும். வைட்டமின் சி அந்த இரும்பை உடம்புக்குள் இழுத்துக்கொடுக்கும். 8.2க்கு வேண்டியது அதுதான்.

அதனால்தான் சொல்கிறேன், சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே. டீயில் இருப்பதும் அதே துவர்ப்பு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போகட்டும். மாத்திரையையும் டீயோடு போடாதே.

பயறு அங்கே ஆசியக் கடையில் கிடைக்கும் என்றாய். ராத்திரி ஊறப்போடு. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. சத்து போகிறதே என்று வைத்துக்கொள்ளாதே. இரண்டு மூன்று தடவை அலசித் துணியில் கட்டு. இங்கே ஒரு ராத்திரியில் வால் விட்டுவிடும், உங்கள் ஊர்க் குளிருக்கு இரண்டு நாள் ஆகலாம். ஹீட்டர் பக்கத்தில் வை, ஒட்டி வைக்காதே. காலையும் மாலையும் அலசு. கொழகொழப்போ புளித்த வாடையோ வந்தால் யோசிக்காமல் கொட்டு. பிறகு ஆவியில் நன்றாக வேகவிடு. வைட்டமின் சி கொஞ்சம் போகும், போகட்டும். அடுப்பை அணைத்த பிறகு எலுமிச்சை பிழிந்தால் திரும்ப வந்துவிடும். பச்சையாக மட்டும் வேண்டாம்.

முடிச்சை ரொம்ப இறுக்காதே, பயறு மூச்சுவிட இடம் வேண்டும் என்று எழுத வந்தேன். பேனா நின்றுவிட்டது. அதை நான் உனக்குச் சொல்லித்தருவதாவது. நம் வீட்டில் ஆறு வருஷம் அந்த முடிச்சைக் கட்டியது நீதானே.

அண்ணன் பள்ளிக்கூடக் கபடி டீமில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது. ராத்திரி நீ அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பயறைக் கட்டி அடுப்படி ஆணியில் மாட்டுவாய். விடிந்ததும் நீயே அவிழ்த்துக் கிண்ணத்தில் போட்டு, வெல்லம் பொடித்துப் போட்டு அவனிடம் கொண்டுபோய்க் கொடுப்பாய். ஒருநாள் துணியில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டாய். "அது ஓடுற பையனுக்கு, உனக்கெதுக்கு?" என்று கையைத் தட்டிவிட்டேன். துணியில் ஒட்டியிருந்தது பத்துப் பயறு இருக்குமா? நீ ஒன்றும் சொல்லாமல் துணியை அலசிக் கொடியில் போட்டாய்.

அன்றைக்குக் காலையிலும் சென்டரில் உட்கார்ந்து, "பொம்பளைப் பிள்ளைக்குத்தான் முதல்ல கொடுக்கணும், வயசுக்கு வந்த பிள்ளை" என்று ஊர்ப் பெண்களிடம் பேசியிருப்பேன். வாராவாரம் பேசினேன். என் பேச்சைக் கேட்டு மாறிய வீடுகள் இருக்கின்றன. என் வீடு மாறவில்லை. வளரிளம் பெண்களுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கிற நோட்டில் உன் பெயருக்கு நேராக வாராவாரம் டிக் போட்டேன். நம் பிள்ளைதானே, வீட்டில் கொடுத்துக்கொள்ளலாம் என்று போட்டது. வீட்டுக்கு வந்தால் மறந்துபோகும். எத்தனை வாரம் கொடுத்தேன் என்று இப்போது எண்ணிப்பார்த்தால் ஒரு கை விரல் போதும். பத்தாவதில் நீ பிரேயரில் மயங்கி விழுந்தபோது டீச்சர் ரத்தம் பார்க்கச் சொன்னார். வெயில் என்றேன். காலையில் சாப்பிடாமல் போயிருப்பாள் என்று உன்மேலேயே பழி போட்டேன்.

அன்றைக்கு விட்டதும் இன்றைக்கு 8.2 என்பதும் ஒன்றுதான் என்று சொல்ல எனக்குப் படிப்பு போதாது. இடையில் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. ஆனால் மதினி அந்த எண்ணைச் சொன்னபோது எனக்கு முதலில் தெரிந்தது அந்த நோட்டுத்தான். நீ என்னிடம் சொல்லாமல் மறைத்ததற்குக் கோபப்படலாம் என்று இருந்தேன். கோபப்பட என்ன இருக்கிறது. அன்றைக்கு நீ தலை சுற்றுகிறது என்று சொன்னபோது நான் கேட்டேனா?

அந்த ஊர்ப் பாஷை பேசி, ஆபீஸில் அத்தனை பேருக்கு நீ மேலே இருக்கிறாய் என்று அப்பா டீக்கடையில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நானும் சொல்கிறேன். உன்னை நாங்கள் ஊட்டி வளர்த்தோம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவரும் உன்னோடு சேர்ந்து சாப்பிடட்டும், ஆனால் முதல் கிண்ணம் உனக்கு. டீயைத் தள்ளிக் குடி. மாத்திரையை விடாதே.

இதோடு இரண்டு முழம் மல் துணி வைத்திருக்கிறேன். கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்தது. பழைய துணியைப் பெட்டி முழுக்கத் தேடினேன், இல்லை. இதில் கட்டி, முளை வந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பயறை மட்டும் எடுக்காதே, உன் முகமும் தெரிய வேண்டும்.

அம்மா