டியூப் பேரு கேட்டியே, மல்லிகா

தஞ்சாவூர்,
செவ்வாய் ராத்திரி

அன்புள்ள மல்லிகா,

ரேவதி பொண்ணு கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு போன்கூடப் பண்ணலைன்னு கோவமா இருப்பே. இருந்துக்கோ. அம்மாவுக்கு முட்டிவலி மட்டும்தான், மத்தபடி நல்லா இருக்காங்க. இவருக்கு அடுத்த ஏப்ரல்ல ரிடையர்மென்ட். கார்த்தி சென்னையிலதான், பொண்ணு பார்க்கட்டுமான்னு கேட்டா போனை வச்சிடறான். உன் மாமியார் டிவி சத்தத்தைக் குறைச்சாங்களா இல்லையா? விசாரிப்பு முடிஞ்சுது. விஷயத்துக்கு வரேன்.

நேத்து நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன். பாத்ரூமுக்குள்ள நின்னு, குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசியிருக்கே. "வசந்தி, அன்னிக்குச் சொன்னியே, மூலத்துக்குப் போடற அந்த க்ரீம் டியூப் பேரை மட்டும் அனுப்புடி. ரத்தம் வருது." தண்ணிச் சத்தத்துல "ரத்தம்"ங்கறது சரியா விழலை. மூணாவது தடவைதான் புரிஞ்சுது. அப்புறம் எனக்குத் தூக்கம் வரலை.

பேரை டைப் பண்ண ஒரு நிமிஷம் ஆகாது. ஆனா அனுப்ப மாட்டேன். ஏன்னு போன்ல சொன்னா "சரி சரி"ன்னு வச்சிடுவே, பக்கத்துல யாராவது இருப்பாங்க. அதான் எழுதறேன். உட்கார்ந்து முழுசாப் படி.

எனக்கு வெளிக்குப் போகும்போது முதல்ல ரத்தம் வந்தது போன வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில. வலியே இல்லை. வெள்ளைப் பீங்கான்ல குங்குமத்தைக் கரைச்சு ஊத்தின மாதிரி பளிச்சுன்னு சிவப்பு. கை காலெல்லாம் நடுங்கிப் போச்சு. யார்கிட்ட சொல்றது? இவர்கிட்ட சொல்ல வாய் வரலை. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட, வேற யாருக்கோ இருக்கிற மாதிரி கேட்டேன். "உடம்புச் சூடுதான், துத்தி இலையை விளக்கெண்ணெயில வதக்கிச் சாப்பிடச் சொல்லு"ன்னாங்க. சாப்பிட்டேன். கருணைக்கிழங்கு மசியல், மோர், சின்ன வெங்காயம் எல்லாம் பார்த்தேன். கீரையும் கிழங்கும் சாப்பிட்டா வெளிக்கு இளகிப் போகுது, அது நிஜம், இன்னிக்கும் வாரத்துக்கு ரெண்டு நாள் பண்றேன். ஆனா ரத்தம் நிக்கலை. அரிப்பும் எரிச்சலும் சேர்ந்துக்கிச்சு. நாற்காலியில நேரா உட்கார முடியலை.

டியூப் வாங்கப் போனதைச் சொல்றேன் கேளு. நம்ம தெரு முனை மெடிக்கல்ல கல்லாவுல நிக்கறவன் என்கிட்ட ஏழாம் வகுப்பு படிச்ச பையன். "டீச்சர், என்ன வேணும்?"னு எழுந்து நின்னான். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிட்டு வந்துட்டேன். மறுநாள் கீழவாசல் பக்கம் போய், கூட்டம் கலையற வரைக்கும் நின்னு, "வீட்ல பெரியவங்களுக்கு"ன்னு சொல்லித்தான் வாங்கினேன். அவர் எதுவும் கேட்கலை, பேப்பர்ல சுத்திக் குடுத்துட்டார்.

அந்தக் க்ரீமைப் பத்திப் பொய் சொல்ல மாட்டேன் மல்லிகா. முதல் நாள் ராத்திரி போட்ட பத்து நிமிஷத்துல அரிப்பு அடங்கிடுச்சு. மூணு வாரம் கழிச்சு அன்னிக்குத்தான் விடிய விடியத் தூங்கினேன். காலையில எழுந்ததும் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அதனால, க்ரீம் போடாதேன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். வேதனையில இருக்கிறவளுக்கு அது பெரிய உதவி.

தப்பு எங்க நடந்துச்சுன்னா, எரிச்சல் போனதும் நோயும் போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். நாலு நாள் நிறுத்துவேன், திரும்ப வரும், திரும்பப் போடுவேன். ஒரு நாளைக்கு அஞ்சு தடவைகூடப் போட்டிருக்கேன். எட்டு மாசம் இப்படியே போச்சு. நடுநடுவுல ரத்தம் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு, மருந்துதான் போடறோமேன்னு விட்டுட்டேன். ஒரு திங்கக்கிழமை, பிரேயர்ல நிக்கும்போது கண்ணு இருட்டிக்கிட்டு வந்து கொடிக்கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டேன். ரத்தம் பார்த்தா ஹீமோகுளோபின் 8.2. பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும்.

பெரியாஸ்பத்திரி சர்ஜரி ஓபியில ஒரு டாக்டரம்மா இருந்தாங்க. நம்மளைவிட பத்து வயசு சின்னவங்க இருப்பாங்க. இடது பக்கமா ஒருக்களிச்சு, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னாங்க, போர்வை போர்த்தினாங்க, விரல்ல பார்த்துட்டு விரல் தடிமன்ல ஒரு குழாயை வச்சுப் பார்த்தாங்க. ரெண்டு நிமிஷம். அந்த ரெண்டு நிமிஷத்துக்குப் பயந்துதான் எட்டு மாசம் ஒளிஞ்சிருக்கேன்.

அப்புறம் ஓபி சீட்டு பின்னாடி பேனாவால படம் போட்டுக் காட்டினாங்க. மூலம்ங்கறது வெளியில இருந்து வந்து முளைக்கிற கட்டி இல்லையாம். ஆசனவாய்க்கு உள்பக்கம் ரத்தக்குழாய் நிறைஞ்ச மெத்தை மாதிரி மூணு இடத்துல எல்லாருக்குமே இருக்காம், உனக்கு, எனக்கு, ஹெட்மாஸ்டருக்கு. ஆசனவாயை இறுக்கமா மூடி வச்சுக்கறதுக்கு உதவுதாம். வருஷக்கணக்கா முக்கி முக்கிப் போனா அது வீங்கிக் கீழ சரியுது. உள்மூலத்துக்கு வலி தெரியற நரம்பு கிடையாது, அதான் வலிக்காம ரத்தம் மட்டும் கொட்டுது. வெளிமூலத்துல ரத்தம் கட்டிக்கிட்டா உயிர் போற மாதிரி வலிக்கும். எனக்கு உள்மூலம், ரெண்டாவது நிலை. முக்கும்போது வெளிய வரும், தானா உள்ள போயிடும்.

நான் பையில இருந்து டியூபை எடுத்துக் காட்டினேன். டப்பாவைத் திருப்பி ஒவ்வொண்ணாப் படிச்சுச் சொன்னாங்க. இதை நீ நல்லா ஞாபகம் வச்சுக்கோ. லிக்னோகெயின், இது மரத்துப் போக வைக்கிற மருந்து. பல் பிடுங்கறதுக்கு முன்னாடி ஊசி போடறாங்களே, அதேதான். கொஞ்ச நேரத்துக்கு வலியும் அரிப்பும் தெரியாது. அடுத்தது ஸ்டீராய்டு, வீக்கத்தைக் குறைக்கும். ஆனா ஒரு வாரத்துக்கு மேல டாக்டர் சொல்லாம போடக்கூடாது, தோல் மெலிஞ்சு போயிடும். எனக்கு அதான் ஆகியிருந்துச்சு. கடைசி ரெண்டு மாசம் இருந்த எரிச்சல்ல பாதி மூலத்தால இல்லை, மருந்தை அளவுக்கு மேல போட்டதால. உள்ள ஏதாவது படை, காளான் தொத்து இருந்தா ஸ்டீராய்டு அதை வளர்த்தும் விட்டுடும். சில டியூப்ல ஜிங்க் ஆக்சைடு இருக்கும், சின்னக் குழந்தைக்கு டயாப்பர் புண்ணுக்குத் தடவற வெள்ளை க்ரீம்ல இருக்கறதுதான், ஈரம் படாம மேல ஒரு திரை மாதிரி நிக்கும்.

என் டியூப்ல இன்னொண்ணும் இருந்துச்சு. ஃபெனைலெஃப்ரின். ரத்தக்குழாயைச் சுருக்கி வீக்கத்தை இறக்கற மருந்து. பிரஷர் இருக்கறவங்க, தைராய்டு, இதயக் கோளாறு இருக்கறவங்க கேட்காம போடக்கூடாதுன்னாங்க. எனக்கு பிரஷர் இல்லை. உனக்கு ஆறு வருஷமா மாத்திரை ஓடுது. இப்பப் புரியுதா நான் ஏன் பேரை அனுப்பலைன்னு?

அதுவும் தவிர, உனக்கு இருக்கறது மூலம்தானான்னு யாரு பார்த்தா? போகும்போது கண்ணாடித் துண்டு கிழிக்கிற மாதிரி வலிச்சு, அப்புறமும் மணிக்கணக்கா எரிஞ்சா அது ஆசனவாய் வெடிப்பு. அதுக்கு வேற க்ரீம், இறுகிப் போன தசையைத் தளர்த்தறது. சீழ் கசிஞ்சா பௌத்திரம், அதுக்கு எந்த க்ரீமும் ஆகாது. எல்லாத்தையும் பைல்ஸ்னு ஒரே பேரைச் சொல்லி ஒரே டியூபைத் தடவிக்கிட்டு இருக்கோம். பஸ் ஸ்டாண்ட் சுவர்ல "மூலம் பௌத்திரம் ஒரே நாளில் குணம்"னு நோட்டீஸ் ஒட்டியிருப்பானே, தயவுசெஞ்சு அங்க மட்டும் போயிடாதே. உன் மாமியாருக்கு அந்த மாதிரி இடங்கள்ல நம்பிக்கை ஜாஸ்தி.

செல்வி அக்காவை நினைச்சுப் பாரு. ஒரு வருஷம் முழுக்க மூலம் மூலம்னுதானே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. எடை குறைஞ்சப்போகூட "நல்லா இளைச்சுட்டீங்கக்கா"ன்னு நாமதான் சொன்னோம். கடைசியில பெருங்குடல்ல கட்டின்னு தெரியும்போது எல்லாம் கைமீறிப் போச்சு. உன்னைப் பயமுறுத்த எழுதலைடி. ரத்தம் வர்ற முக்கால்வாசிப் பேருக்கு மூலமோ வெடிப்போதான் இருக்கும்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. ஆனா அதைப் பார்த்துட்டுச் சொல்லணும், பார்க்காம சொல்லக்கூடாது. எனக்கு வயசு அம்பது தாண்டியாச்சு, ரத்தமும் குறைஞ்சிருக்குன்னு கொலோனோஸ்கோபி, அதான் பெருங்குடலுக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பார்க்கற டெஸ்ட், எழுதிக் குடுத்தாங்க. முதல் நாள் அந்தப் பேதி மருந்துத் தண்ணியைக் குடிக்கிறதுதான் கஷ்டம். மறுநாள் ஊசி போட்டதுல அரைத் தூக்கம், ஒண்ணும் தெரியலை. உள்ள சுத்தமா இருக்குன்னு சொன்னதும் இவர் வராந்தாவுல உட்கார்ந்து அழுதார். முப்பது வருஷத்துல அவர் அழுது நான் பார்த்தது அது ரெண்டாவது தடவை.

அப்புறம் மூலத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டாங்க. குட்டியூண்டு வளையம். வீங்கின இடத்தோட அடியில மாட்டினா ரத்தம் போகாம வாடி, ஒரு வாரம் பத்து நாள்ல தானா விழுந்துடும். மயக்க மருந்தெல்லாம் இல்லை. வெளிக்கு வர்ற மாதிரி ஒரு முட்டல் ரெண்டு நாள் இருந்துச்சு, அவ்வளவுதான். ரெண்டு தடவை போட்டாச்சு. நாலு மாசமா ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஹீமோகுளோபின் 11.4 ஆயிடுச்சு. இரும்புச்சத்து மாத்திரை குடுத்தாங்க, ஆனா அதுவே வயித்தை இறுக்கும், கூடவே இசப்கோல்ங்கற நார்ச்சத்துத் தூளைக் குடிக்கணும். ராத்திரி ரெண்டு ஸ்பூன் ஒரு டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்கின உடனே குடிச்சிடணும், நின்னா கூழாயிடும். மேல இன்னொரு டம்ளர் தண்ணி.

தண்ணின்னதும் ஞாபகம் வருது. இருபத்தாறு வருஷமா ஸ்கூல்ல சாயந்தரம் வரைக்கும் அரை பாட்டில் தண்ணிக்கு மேல குடிச்சதில்லை நான். டீச்சர்ஸ் டாய்லெட்ல தண்ணி வராது, கதவு நிக்காது, அதான். காலையில ஆறு மணிக்கு சமையல் அவசரத்துல வந்ததை அடக்கிட்டு, வராத நேரத்துல போய் முக்கறது. நீ மட்டும் என்ன? கம்பெனியில பவர் டேபிள் தையல் மிஷின்ல உட்கார்ந்தா எட்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டே, எழுந்தா பீஸ் குறையும்னு. நம்ம வயசுப் பொம்பளைங்க பாதிப் பேர் உடம்பு இப்படித்தான் கெட்டுப் போச்சு. நான் இப்ப ரெண்டு பாட்டில் கொண்டு போறேன். டாய்லெட்டுக்குத் தண்ணி வேணும்னு ஸ்டாஃப் மீட்டிங்ல எழுந்து நின்னு கேட்டேன். ஒரு மாசமா வருது.

நீ டாக்டரைப் பார்க்கற வரைக்கும் இதைச் செய். அகலமான பேசின்ல இடுப்பு முங்கற அளவு வெதுவெதுப்பான தண்ணி, கை பொறுக்கற சூடு, உப்பு டெட்டால் எதுவும் வேண்டாம். பத்துப் பதினஞ்சு நிமிஷம் உட்காரு. காலையில போயிட்டு வந்ததும் ஒரு தடவை, படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை. துணியால அழுத்தித் தேய்க்காதே, ஒத்தி எடு. டாய்லெட்டுக்குப் போனை எடுத்துட்டுப் போகாதே. அஞ்சு நிமிஷத்துல வரலைன்னா எழுந்து வந்துடு. ஒரேயடியா நிறைய ரத்தம் போனாலோ, கிறுகிறுத்து வந்தாலோ, கறுப்பா தார் மாதிரி போனாலோ எனக்காகக் காத்திருக்காதே, அங்கயே உடனே ஆஸ்பத்திரிக்குப் போ.

டாக்டர் க்ரீம் எழுதிக் குடுத்தா, டப்பாவுக்குள்ள தனியா ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும், பக்கவாட்டுல ஓட்டை ஓட்டையா. நான் எட்டு மாசமும் அதைத் தூக்கிக் குப்பையில போட்டிருக்கேன், என்னத்துக்குன்னு தெரியாம. உள்மூலத்துக்கு மேலாப்புல தடவினா என்ன பிரயோஜனம்? மூடியைக் கழட்டிட்டு அதைத் திருகி மாட்டணும். லேசா அமுக்கி நுனியில க்ரீம் வழிய விட்டு வழவழப்பாக்கிக்கிட்டு, ஒருக்களிச்சுப் படுத்து மெதுவா உள்ள வச்சு, கொஞ்சமா அமுக்கு. பட்டாணி அளவு போதும். வெளிக்குப் போயிட்டு வந்த பிறகு போடணும், முன்னாடி போட்டா எல்லாம் வீண். போட்டதும் குழலை வெந்நீர்ல கழுவி வை, கையை சோப்பு போட்டுக் கழுவு.

ஞாயித்துக்கிழமை கிளம்பி இங்க வந்துடு. திங்கக்கிழமை அந்த டாக்டரம்மா ஓபி. முதலாளிகிட்ட லீவு நான் வேணும்னாலும் பேசறேன். ஒம்பதாவது படிக்கும்போது ஸ்கூல் டாய்லெட்ல தாழ்ப்பாளே இல்லாத அந்தத் தகரக் கதவுக்கு வெளிய எனக்காக நீ காவல் நின்னியே, பெரிய அக்காங்க தள்ளினாக்கூட நகரமாட்டே. இப்ப நான் நிக்கறேன். உள்ள வரச் சொன்னாலும் வரேன், கையைப் பிடிச்சுக்கறேன்.

வரும்போது பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்துட்டு வா. இதுக்குள்ள நீயா ஏதாவது டியூப் வாங்கித் தடவ ஆரம்பிச்சிருந்தா, எனக்கு உன்னைத் தெரியும், அதையும் டப்பாவோட கொண்டு வா.

உன்,
வசந்தி