முதல் செட் ஏன் கனக்கிறது?

அன்புள்ள குமார்,

கடிதம் கிடைத்தது. இத்தனை வருஷ இடைவெளிக்குப் பிறகு நீ மறுபடி எடை மாட்டும் இரும்புப் பாரைத் தோளில் ஏற்றியிருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். 100 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் முதல் செட் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) உயிரை வாங்குகிறது, மூன்றாவது செட் அதைவிட லேசாகப் போகிறது, இது என்ன விநோதம் என்று கேட்டிருக்கிறாய். உடம்பு தயாராகுமுன் எடையை ஏற்றுகிறாய், அவ்வளவுதான். முதல் இரண்டு செட்டும் வார்ம்அப்பாகவே கழிந்துவிடுகின்றன.

நீ எழுதிய வரிசை இது: டிரெட்மில்லில் இருபது நிமிஷம், தொடையை நீட்டிப் பிடிப்பது, 60 கிலோவில் பத்து, 80-இல் எட்டு, உடனே 100. எண்ணிக்கை அதிகம், படிகள் குறைவு. 80-இல் எட்டு போட்டால் கால் களைத்துப்போகும். அப்படிக் களைத்தும், 100-இன் கனம் உடம்புக்குப் புதிதாகத்தான் இருக்கும். எடை ஏற ஏற ரெப், அதாவது ஒரு செட்டில் உட்கார்ந்து எழும் எண்ணிக்கை, குறைய வேண்டும்.

இப்படிச் செய்து பார். ஐந்து நிமிஷம் சைக்கிளோ வேக நடையோ, லேசாக வியர்க்கும்வரை. பிறகு எடையில்லாமல் பத்து ஸ்குவாட், ஒவ்வொன்றிலும் அடியில் மூன்று நொடி நின்று. வெறும் பார், 20 கிலோ, பத்துப் பத்தாக இரண்டு செட். 40-இல் ஐந்து, 60-இல் மூன்று, 80-இல் இரண்டு, 90-இல் ஒன்று. அதற்குப் பின்தான் 100. 60 வரை ஓய்வு தனியாக வேண்டாம், பிளேட் மாற்றும் நேரமே போதும். 90-க்கு முன் இரண்டு நிமிஷம், 100-க்கு முன் மூன்று நிமிஷம் கட்டாயம். ஒரே தசையை ஒரு நிமிஷத்துக்கு மேல் அசையாமல் நீட்டிப் பிடித்தால் அதன் பலம் சற்று நேரத்துக்குக் குறையும். அதைப் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்.

பாரைத் தாங்கும் ரேக்கையும் வெறும் பாரிலேயே சரிபார்த்துவிடு. பாரை எடுக்கக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தால் கொக்கி உயரம் தப்பு, ஒரு துளை இறக்கு. பாதுகாப்புக் கம்பி, நீ முழுசாக இறங்கும்போது பார் நிற்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே இருக்கட்டும்.

மூச்சுதான் நீ அதிகம் கவனிக்க வேண்டிய இடம். பலரும் நெஞ்சை நிமிர்த்தி மூச்சை இழுத்துவிட்டு, வயிற்றை இறுக்கியதாக நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டு கட்டைவிரலையும் இடுப்புக்கு மேல் விலாப்பக்கம் அழுத்திக்கொண்டு மூச்சிழு. விரலை இரண்டு பக்கமும் வெளியே தள்ள வேண்டும், தோள் உயரக் கூடாது. அந்த நிலையிலேயே, யாரோ வயிற்றில் குத்த வருவதுபோல் இறுக்கு. அப்படியே இறங்கி, ஏறும்போது கஷ்டமான இடம் தாண்டிய பிறகு மூச்சை விடு. அடியிலேயே விட்டுவிட்டால் முதுகு வளையும், பார் முன்னால் போகும். பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்காதே. வயிறு தள்ளுவதற்கு அதில் இடம் வேண்டும். இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ இருந்தால், மூச்சை இப்படி அடக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடு.

மனசைப் பற்றிக் கேட்டாய். எடையையும் ரெப்பையும் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போ. பார் முன் நின்று யோசித்தால் பயமோ ஆசையோ முடிவெடுத்துவிடும். மனதில் ஒரே ஒரு சொல் போதும்: உனக்கு “முழுப் பாதம்”, அதாவது பாதம் முழுவதும் தரையில் அழுந்தி நிற்பது. முதுகு, முழங்கால், கழுத்து என்று ஐந்தை நினைத்தால் ஒன்றும் நடக்காது. வெறும் பாரிலும் அதே பிடி, ரேக்கிலிருந்து அதே மூன்று காலடி பின்வாங்கல், அதே பார்வை. 100 வரும்போது எல்லாம் பழகிய காரியமாக இருக்கும். ஓய்வில் கண்ணை மூடி ஒரு ரெப்பைக் கற்பனை செய், ஆனால் கனத்தையும் சேர்த்து. பறப்பதுபோல் கற்பனை செய்தால் நிஜ எடை அதிர்ச்சி தரும். ஐந்து ரெப் செட்டுக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு வெறியேற்ற வேண்டியதில்லை. இரண்டாவது ரெப்பிலேயே அது தீர்ந்துவிடும்.

சாப்பாட்டுக்கு இரண்டு மூன்று மணி நேர இடைவெளி விடு. மாலைப் பயிற்சிக்குக் காபி வேண்டாம், தூக்கம் கெடும். சரியாகத் தூங்காத நாளில் 80-இன் இரண்டு ரெப்பே சொல்லிவிடும்: வழக்கத்தைவிட மெதுவாக ஏறினால் அன்றைக்கு 90-ஓடு நிறுத்து.

முழங்கால் பிடிப்பு என்று எழுதியிருந்தாய். எடை ஏற ஏற அது தளர்ந்தால் கவலையில்லை. ஒரே புள்ளியில் சுருக்கென்று குத்தி, செட்டுக்குச் செட்டு கூடினால் அங்கேயே நிறுத்திவிடு, பிடிவாதம் வேண்டாம்.

அடுத்த கடிதத்தில், 90-இன் அந்த ஒற்றை ரெப் எப்படிப் போனது என்று எழுது. பார் பாதத்தின் நடுவுக்கு நேராக ஏறியதா, முன்னால் நழுவியதா என்பதையும் பக்கவாட்டிலிருந்து யாரையாவது பார்க்கச் சொல்லி எழுது.

அன்புடன்,
செல்வம்