வெக்கைக்குள் வந்து சேர்ந்த கார்ட்

கோண்டாவில்

அன்பின் மச்சான்,

நீ கொடுத்துவிட்ட என்விடியா 3060 கிராஃபிக்ஸ் கார்ட், என் எடிட்டிங் கம்ப்யூட்டருக்கானது, பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. எப்படியென்று ஒளிக்காமல் எழுதச் சொன்னாய். இரண்டு கிழமை வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் ஓவர்க்ளாக்கை, அதாவது சிப்பின் வேகத்தைக் கூட்டி வைத்திருப்பதை, விடு. என்விடியா சொன்ன பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். இதில் தொழிற்சாலையிலேயே 1837க்கு ஏற்றியிருக்கிறார்கள். நூற்றுக்கு மூன்றரைகூட வராது. ஒரு கலியாண வீடியோவை எடிட் பண்ணி முடித்து முழுப் படமாக எடுக்க ரெண்டர் போட்டால் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. நீ கூடக் கொடுத்த காசு சிப்பின் சூட்டை இறக்கும் கூலரில்தான் இருக்கிறது.

டோர்ச் அடித்துப் பார்த்தேன். செப்புக் குழாய்களுக்குள் இருக்கும் கொஞ்சத் திரவம் சிப்பின் சூட்டில் ஆவியாகி மறுமுனைக்குப் போய், அங்கே குளிர்ந்து திரும்பி வருகிறது. அலுமினியத் தகடுகள் சர்க்கிட் போர்ட்டையும் தாண்டி நீள்கின்றன. அந்த இடத்தில் பின்தகட்டை வெட்டிவிட்டிருப்பதால் இரண்டாவது ஃபேனின் காற்று தட்டுப்படாமல் நேரே மேலே போகிறது. கையை வைத்தால் அடுப்படி வாசலில் நிற்பது போல இருக்கிறது. இந்த வெட்டு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

உன் ரொறன்ரோ அறை 21 பாகை என்றால் என் அறை மத்தியானத்தில் 33. அந்த 12 பாகையும் அப்படியே சிப்பில் ஏறும். முழு வேலையில் 76இல் நிற்கிறது. 83ஐத் தொட்டால் கார்ட் தானாகவே வேகத்தைக் குறைக்கும். சின்னக் கூலர் என்றால் இங்கே அதில் போய் முட்டியிருக்கும். அப்புறம் கார்ட் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் எல்லையை, பவர் லிமிட்டை, 140 வாட்டுக்கு இறக்கினேன். 71க்கு வந்தது, பத்து நிமிட ரெண்டரில் அரை நிமிடம்கூடக் கூடவில்லை. ஏற்றிவந்த வேகத்தை நான் இறக்கிவிட்டேன் என்று நினைக்காதே. எடிட்டிங் அறையில் சத்தம் குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

குறை இரண்டு. வேலையில்லாத நேரம் ஃபேன் நிற்கவேண்டும். உன் ஊரில் நின்றே இருக்கும். இங்கே பகலில் நிற்பதும் சுழல்வதுமாகக் கிடக்கிறது. அதனால் மெதுவாக எப்போதும் சுழலும்படி மாற்றிவிட்டேன். அடுத்தது பாரம். கார்ட்டின் தலை ஒருபக்கம் சாய்ந்துவிட்டது. ஒரு பனஞ்சிலாகைத் துண்டைச் சீவி முட்டுக் கொடுத்திருக்கிறேன், அசையவில்லை.

எங்கள் செம்மண் தூசி உனக்குத் தெரியுந்தானே. இரண்டு கிழமைக்குள் தகடுகளின் ஓரம் சிவந்துவிட்டது. ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பெயின்ட் பிரஷால் தட்டினேன். மாதம் ஒருமுறை செய்யவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்தமுறை நன்றாகக் காய்த்திருக்கிறது. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னாய். வரும்போது சிப்புக்கும் கூலருக்கும் நடுவில் பூசும் நல்ல தெர்மல் பேஸ்ட் ஒரு சின்னக் குழாய் கொண்டுவா. இரண்டு பேருமாக இருந்து கழற்றிப் பூசுவோம், முந்தி உன் வீட்டுத் திண்ணையில் ரேடியோ கழற்றினது போல.

அன்புடன்,
உன் மச்சான்