வேறு வேறு கம்பெனி டிஸ்குகள், ஒரே அர்ரே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்ட அதே வேலையை அந்த வாரம் இங்கே நானும் செய்ய வேண்டியிருந்தது. கையால் செய்து பார்த்துவிட்டே எழுதலாம் என்று வைத்துவிட்டேன். நேற்றுக் காலைதான் முடிந்தது.

அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். மனசு லேசாகிவிட்டது. நீ இரவு ஷிஃப்டிலிருந்து திரும்பும்வரை தூங்காமல் காத்திருந்தவர் அவர். நான் கேட்டதாகச் சொல். உன் மகள் கல்லூரியில் கணினியை விட்டுவிட்டுப் பௌதிகம் எடுத்ததில் உனக்குக் கொஞ்சம் வருத்தம் இருப்பது தெரிகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். விருப்பப்பட்டு எடுத்திருக்கிறாள், விடு.

சரி, டிஸ்க் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கேட்டது இது: மூன்று 4 டெராபைட் டிஸ்குகளை ஒரே சேமிப்பாக இணைத்த உன் சர்வரின் அர்ரே, ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5 ரகம், நிரம்பிவிட்டது. அதே மாடல் இப்போது வருவதில்லை. எங்காவது பழைய சரக்கு கிடைக்கிறதா என்று தேடலாம் என்கிறார்கள் உன்னோடு வேலை செய்பவர்கள். வேறு கம்பெனி டிஸ்க் போட்டால் அர்ரே ஒத்துழைக்காது என்றும் சொல்கிறார்கள்.

பழைய சரக்கைத் தேடாதே. வேறு கம்பெனி டிஸ்கையே போடு. வேறு வழியில்லாமல் சொல்கிறேன் என்று நினைக்காதே, அதுதான் நல்லது என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. அதை உன்னிடம் நான் முழுதாகச் சொன்னதே இல்லை.

இந்தக் காப்பகத்தில் சேர்ந்த புதிதில் ஐந்து டிஸ்க் கொண்ட ரெய்டு 5 ஒன்றை நானே கட்டினேன். ஐந்தும் ஒரே பெட்டியில் வந்தவை. சீரியல் எண்கள்கூட அடுத்தடுத்து இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே, இதைவிட ஒழுங்காக அமையாது என்று அன்று நினைத்தேன். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்தவை. ஒரே நாளில் மின்சாரம் ஏறி, ஒரே சூட்டில், ஒரே வேலையைச் செய்தவை. தேய்மானமும் ஒன்றாகத்தானே இருக்கும்? அது எனக்குத் தோன்றவில்லை. நான்காம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனது. மாற்று டிஸ்கைச் செருகி ரீபில்ட் தொடங்கினேன், அதாவது போன டிஸ்கில் இருந்ததை மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுத் திரும்ப எழுதும் வேலை. ஆறாவது மணி நேரத்தில் இரண்டாவது டிஸ்கும் போனது. ரெய்டு 5ல் அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

பேக்கப் இருந்தது. ஆனால் அது மூன்று நாள் பழையது. அந்த மூன்று நாளில் சேர்ந்த பதிவுகள் போய்விட்டன. அவற்றில் ஒரு முதியவர் இரண்டு மணி நேரம் பேசிய ஒலிப்பதிவு இருந்தது. மறுபடி பதிவு செய்யத் தேதி வாங்கினோம். அந்தத் தேதி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய குரல் எங்கேயும் இல்லை. டிஸ்க் பற்றி யார் எது கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த இரண்டு மணி நேரம்தான்.

இது என் துரதிர்ஷ்டம் மட்டும் என்று நினைத்துவிடாதே. 2019ல் ஒரு பெரிய சர்வர் நிறுவனமே வாடிக்கையாளர்களுக்கு அவசர எச்சரிக்கை விட்டது. அவர்கள் விற்ற சில எஸ்எஸ்டிகளின் (சுழலும் தட்டு இல்லாத டிஸ்குகள்) ஃபர்ம்வேரில், அதாவது உள்ளே பதிந்த மென்பொருளில், ஒரு பிழை. மின்சாரம் ஏறிய நேரம் 32,768 மணியைத் தொட்டதும் டிஸ்க் செத்துவிடும், உள்ளே இருப்பதை மீட்கவும் முடியாது. 32,768 என்றால் 2இன் 15ஆம் அடுக்கு; மூன்று வருடம் 270 நாள் 8 மணி. ஒரே நாளில் ஓட ஆரம்பித்த எட்டு டிஸ்குகள் இருந்தால் எட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகும். அங்கே இரண்டு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 6 இருந்து என்ன பயன்? பேரிட்டி, அதாவது போன டிஸ்கை மீட்பதற்காகக் கூடுதலாக எழுதி வைக்கும் கணக்கு, முழுவதும் ஒரே நம்பிக்கையின்மேல்தான் நிற்கிறது: டிஸ்குகள் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாமல், தனித்தனியாகப் பழுதாகும் என்ற நம்பிக்கை. வேறு வேறு கம்பெனி, வேறு வேறு தேதி என்று கலக்கும்போதுதான் அது கொஞ்சமாவது உண்மையாகிறது.

கலப்பதற்கு ஆளும் அதிகமில்லை. நாம் சேர்ந்து வேலை பார்த்த நாளில் எத்தனை பெயர்கள்! சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் தொழில் 2011ல் சீகேட்டிடம் போனது, ஹிட்டாச்சியுடையது 2012ல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. வாங்கிய அந்த இருவரோடு தோஷிபாவும் சேர்ந்து இப்போது மூன்றே பேர். என் அர்ரேயில் ஏற்கெனவே ஒருவருடைய டிஸ்க் நான்கு இருந்தன, ரெய்டு 6. மற்ற இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வாங்கி ஆறாக்கினேன்.

லேபிளில் இருக்கும் பெயரை அர்ரே பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறு சில விஷயங்களை. அவற்றில்தான் நீ கவனமாக இருக்க வேண்டும்.

முதலில் செக்டர் எண்ணிக்கை, அதாவது தரவு எழுதும் சின்னத் துண்டுகள் டிஸ்கில் எத்தனை என்பது. 500 ஜிபி காலத்தில் ஒரு முறை மாற்று டிஸ்க் சில மெகாபைட் குறைந்ததால் அர்ரேயை நடத்தும் கன்ட்ரோலர் அதை ஏற்கவே மறுத்தது நினைவிருக்கிறதா? விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். இப்போது உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் பொதுவான ஒரு கணக்கைப் பின்பற்றுகிறார்கள். 4 டெராபைட் என்றால் 512 பைட் செக்டர்கள் 781 கோடியே 40 லட்சத்து 37 ஆயிரத்து 168. என்னிடம் இருக்கும் மூன்று கம்பெனி டிஸ்குகளிலும் கடைசி இலக்கம்வரை இதே எண். இருந்தாலும் வாங்கியதும் சரிபார்த்துவிடு. நான் முழு டிஸ்கையும் அர்ரேக்குக் கொடுப்பதில்லை. ஒரு பார்ட்டிஷன் போட்டு, கடைசியில் 100 மெகாபைட் சும்மா விட்டுவிடுகிறேன். நாளை வரும் டிஸ்க் கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் உள்ளே இடம் கிடைக்கும். உன்னுடையது ஹார்ட்வேர் கன்ட்ரோலர் ஆயிற்றே, அதில் கோயர்ஷன் என்று ஒரு அமைப்பு இருக்கலாம், 128 மெகாபைட் அல்லது 1 ஜிகாபைட் அளவுக்குக் கீழ்நோக்கி முழுமையாக்கிக்கொள்ளும். அது அர்ரேயைக் கட்டியபோதே எப்படி வைக்கப்பட்டது என்று பார்.

செக்டர் எத்தனை பைட் என்பதையும் பார். வெளியே 512 என்று காட்டி உள்ளே 4096ஆக எழுதும் டிஸ்குகள்தான் அதிகம், அவை பழையவற்றோடு சேரும். வெளியிலும் 4096 என்றே காட்டுபவை வேறு ரகம். அவற்றைப் பழைய 512 டிஸ்குகளோடு கலக்கப் பல கன்ட்ரோலர்கள் விடாது.

அடுத்ததில்தான் நான் தடுமாறினேன். முதலில் வாங்கிய டிஸ்கின் தரவுத்தாளை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஏதோ தோன்றித் தேடிப் பார்த்தேன். எஸ்எம்ஆர் ரகம். கூரையில் ஓடுகளை ஒன்றின் விளிம்பை ஒன்று மூடும்படி வேய்வோம் அல்லவா, அதுபோலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும் முறை. அதே தட்டில் அதிகம் கொள்ளும். ஆனால் நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமென்றால் அதன்மேல் படிந்திருக்கும் வரிசையையும் எடுத்து அடுக்க வேண்டுமே, இங்கேயும் அப்படித்தான். சாதாரண நாளில் இது வெளியே தெரியாது, டிஸ்க் தன் தற்காலிகப் பகுதியில் எழுதிச் சமாளித்துவிடும். ரீபில்ட் என்று மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும்போதுதான் அந்தப் பகுதி நிரம்பி, வேகம் பாதாளத்துக்குப் போகும். சில நேரம் பதிலே சொல்லாமல் டிஸ்க் மௌனமாகிவிடும். அது செத்துவிட்டது என்று அர்ரே வெளியே தள்ளிவிடும். 2020ல் ஒரு பெரிய உற்பத்தியாளர் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்பு) பெட்டிகளுக்கென்றே விற்ற டிஸ்குகளில் இந்த முறையைச் சொல்லாமல் வைத்திருந்தது வெளிவந்து பெரிய சர்ச்சையானது. அதனால் பெயரை நம்பாதே, மாடல் எண்ணை முழுதாக எடுத்து, சிஎம்ஆர் (தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத முறை) என்று எழுத்தில் இருக்கிறதா என்று பார். நான் அந்த டிஸ்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, படிக்க முடியாத செக்டர் வந்தால் டிஸ்க் எவ்வளவு நேரம் போராடும் என்பது. வீட்டுக் கணினிக்கான டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் விடாமல் முயலும். அங்கே வேறு பிரதி கிடையாது, அதனால் அது சரிதான். அர்ரேயில் பேரிட்டி இருக்கிறது. ஏழு விநாடியில் கைவிட்டுவிட்டால் மீதியை அர்ரே பார்த்துக்கொள்ளும். லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருக்கும், ஹார்ட்வேர் கன்ட்ரோலருக்கு அவ்வளவு பொறுமைகூட இருக்காது. இதே வசதிக்கு வெஸ்டர்ன் டிஜிட்டல் டிஎல்இஆர் என்று பெயர் வைத்திருக்கிறது, சீகேட் இஆர்சி என்கிறது, ஹிட்டாச்சியும் சாம்சங்கும் சிசிடிஎல் என்றன. மூன்றும் ஒன்றுதான். சில டிஸ்குகளில் மின்சாரம் போய்வந்தால் இந்த அமைப்பு அழிந்துவிடும். நான் சர்வர் ஏறும்போதே எல்லா டிஸ்குக்கும் ஏழு விநாடி என்று வைக்கும்படி ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

வேகத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதே. நிமிடத்துக்கு 5400 சுற்றையும் 7200 சுற்றையும் கலந்தால் மெதுவானதன் வேகத்துக்கு மற்றவை காத்திருக்கும், அவ்வளவுதான்.

இரண்டு விஷயம் என்னைப் பயமுறுத்தியது, நீ பயப்பட வேண்டாம் என்று சொல்லி வைக்கிறேன். ஒன்று, புதிய டிஸ்க் சுழலவே இல்லை. டிஸ்கில் கோளாறு இல்லை. சில புதிய டிஸ்குகளில் மின் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால், 'நில்' என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொள்ளும். என் பழைய சர்வர் அந்தப் பின்னில் எப்போதும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வோல்ட் வராத ஒரு மின் இணைப்பானைப் போட்டதும் எழுந்துவிட்டது. இன்னொன்று, டிஸ்க் தன் நலம் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கையில் படிப்புப் பிழை என்ற இடத்தில் கோடிக்கணக்கில் ஒரு எண். ஒவ்வொரு கம்பெனியும் அந்த மூல எண்ணைத் தன் வழியில் எழுதுகிறது. சிலர் மொத்தம் எத்தனை முறை படித்தது என்பதையும் அதற்குள்ளேயே சேர்த்து வைக்கிறார்கள். கம்பெனிகளைக் கலந்துவிட்டால் அந்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதே. பழுதாகி இடம் மாற்றிய செக்டர், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர் இரண்டும் பூஜ்யமாக இருக்கின்றனவா என்று பார்த்தால் போதும்.

புதிய இரண்டையும் அர்ரேயில் சேர்ப்பதற்கு முன் முழுப் பரப்பையும் எழுதிப் படித்துச் சோதித்தேன், அப்புறம் ஸ்மார்ட் நீள் சோதனை. சில நாள் போனது. போகட்டும், புது டிஸ்கில் உற்பத்திக் குறை இருந்தால் அது அங்கே, உள்ளே எதுவும் இல்லாதபோதே தெரிய வேண்டும். பிறகு அர்ரேயை ஆறாக விரிக்கச் சொன்னேன். டிஸ்குகளில் பரவிக் கிடக்கும் தரவின் ஒவ்வொரு பட்டையையும் படித்து, புதுக் கணக்கில் பேரிட்டி போட்டு, திரும்ப எழுதும் வேலை. இயங்கிக்கொண்டே 41 மணி நேரம் எடுத்தது. நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு இரவும் சரியாகத் தூங்கவில்லை. கடைசியில் ஃபைல் சிஸ்டத்தை விரிப்பது சில நிமிட வேலை. உன் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ் ரகம் என்றால் ஒன்று நினைவில் வை, அதைப் பெரிதாக்கலாம், திரும்பச் சிறிதாக்க முடியாது.

உன் அர்ரேக்கு என் யோசனை: ஒரு டிஸ்க் சேர்த்து ரெய்டு 5ஆகவே விடாதே. இரண்டு சேர்த்து, கன்ட்ரோலர் அனுமதித்தால் ரெய்டு 6க்கு மாறு. சாதாரண டிஸ்கின் தரவுத்தாளில் நூறு லட்சம் கோடி பிட்டுக்கு அதிகபட்சம் ஒரு படிப்புப் பிழை என்று போட்டிருப்பார்கள். அது சுமார் 12.5 டெராபைட். நான்கு டிஸ்க் ரெய்டு 5ல் ஒன்று போனால் மீதி மூன்றிலிருந்து 12 டெராபைட் முழுவதும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். அது உச்ச வரம்புதான், நல்ல டிஸ்குகள் அதைவிட நன்றாகவே நடந்துகொள்ளும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தச் சின்ன இடைவெளியில் நிற்க எனக்கு மனமில்லை. உன்னையும் நிற்கவிட மனமில்லை.

பேக்கப் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அதிலிருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறொரு மெஷினில் மீட்டு, திறந்து பார்த்தாயா? அது முடியும்வரை சர்வரைத் தொடாதே. நான் விரிவாக்கம் தொடங்கிய அன்று மாலைவரை வந்த பதிவுகளையும் வெளியே ஒரு பிரதி எடுத்து, அதில் மூன்று ஒலிப்பதிவுகளைக் காதால் கேட்டுவிட்டுத்தான் கட்டளையைக் கொடுத்தேன்.

ஒவ்வொரு டிஸ்கின் ட்ரேயிலும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டி வை. வேறு வேறு கம்பெனி என்பதால் அடையாளம் தெரிந்துவிடும் என்று விடாதே, ட்ரேக்குள் போனபின் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். பழுதான டிஸ்கை விட்டு நல்ல டிஸ்கை உருவியவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

இப்போது இருக்கும் மூன்று டிஸ்குகளின் மாடல் எண், ஃபர்ம்வேர் எண், செக்டர் எண்ணிக்கை, கன்ட்ரோலரின் பெயர் எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. வாங்க நினைக்கும் இரண்டின் மாடல் எண்களையும் வாங்குவதற்கு முன் அனுப்பு, நானும் ஒரு முறை தரவுத்தாளைப் படித்துவிடுகிறேன். தொடங்கும் இரவு எது என்று முன்கூட்டியே சொல். முதல் சில மணி நேரம் நான் போனில் இருக்கிறேன். விழுக்காடு மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும், நாம் பேசிக்கொண்டிருக்கலாம். பேசியும் எவ்வளவு நாள் ஆகிறது.

அன்புடன்,
உன் நண்பன்