நித்திரை கொள்ள நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் மருத்துவ, தாதிய மாணவர்களைப் பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: "உணர்ச்சிகளைக் கையாளத் தெரிந்த மாணவர் நேரத்துக்குத் தூங்குவார், பரீட்சையிலும் முன்னுக்கு வருவார்." இரண்டு தரம் வாசித்தேன். மனது ஆறவில்லை.

நான் 31 வருடம் தாதியாக வேலை செய்தவள். இப்போது என் வீட்டு மேல்மாடியில் மூன்று தாதிய மாணவிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். இரவு டியூட்டி முடிந்து காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி வந்து, குளித்து, எட்டரை மணி விரிவுரைக்குத் திரும்ப ஓடுகிறார்கள். பின்னேரம் வந்து படுத்தால் கச்சான் காற்றில் தகரக் கூரை கொதிக்கும். அப்புறம் நுளம்பு.

போன மாதம் அதில் ஒருத்தி, இறந்துகொண்டிருந்த ஓர் அம்மாவின் மகளை இரவெல்லாம் ஆறுதல்படுத்தியிருக்கிறாள். காலையில் என் படிக்கட்டில் இருந்து அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு விரிவுரைக்குப் போனாள். அங்கே கண் அயர்ந்துவிட்டாளாம். எல்லார் முன்னிலையிலும் "பொறுப்பில்லாதவள்" என்று ஏச்சு. சொல்லுங்கள் ஐயா, அந்தப் பிள்ளைக்கு எந்த உணர்ச்சியைக் கையாளத் தெரியவில்லை?

தன் உணர்ச்சியையும் பிறர் உணர்ச்சியையும் அறிந்து கையாளும் திறனைத்தான் உணர்வு நுண்ணறிவு என்கிறார்கள். அந்தக் கருத்தை 1990இல் சலோவே, மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் விளக்கி எழுதினார்கள் என்பதும், அதை அளக்கும் ஆய்வுகள் பலவற்றில் மாணவர்களே தங்களுக்குப் புள்ளி போட்டுக்கொள்கிறார்கள் என்பதும் தாங்கள் அறியாததல்ல. நித்திரையும் நிதானமும் சேர்ந்து காணப்பட்டால் எது எதைக் கொண்டுவந்தது என்று எப்படிச் சொல்வது? நித்திரை கெட்டவருக்கு எதிரே நிற்பவரின் முகக்குறிப்பே சரியாகப் பிடிபடாது. வாசித்ததை மனதில் பதிய வைப்பதும் நித்திரைதான். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும் மது குடித்தவருடையதைப் போலத் தடுமாறும் என்று 1997இலேயே அளந்து காட்டினார்கள். அந்தக் கையில்தான் ஊசியைக் கொடுக்கிறோம்.

எனக்கு ஆய்வு தேவையில்லை. 1994இல் தொடர்ந்து மூன்றாவது இரவு டியூட்டி. ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள். ஊசியோடு பிழையான கட்டிலுக்குப் போய்விட்டேன். "எனக்கு அப்பவே போட்டாச்சு பிள்ள" என்று அந்த ஆச்சி சொல்லியிராவிட்டால்? இன்றைக்கும் அந்தக் குரல் காதில் கேட்கும்.

இந்தப் பிள்ளைகள் உயர்தரம் படித்த 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. மெழுகுதிரியில் படித்தார்கள். பெறுபேறு வந்ததும் படம் போட்டுப் பாராட்டினீர்கள். இப்போது அவர்களிடமே குறை காண்கிறீர்கள். இரவு முழுக்க அலறும் ஒலிபெருக்கிகளைப் பற்றி நான் இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய கடிதத்தைத் தாங்கள் பிரசுரிக்கவில்லை. வைத்தியசாலைப் பக்கம் இரவு பஸ் இல்லாததைப் பற்றி எழுதியதையும்தான். மனவருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

நான் கேட்பது இவ்வளவுதான். இரவு டியூட்டி செய்த பிள்ளைகளுக்கு மறுநாள் விரிவுரையைப் பின்னேரம் இரண்டு மணிக்கு மாற்றும்படி, பொறுப்பானவர்களின் கண்ணில் படுகிற இடத்தில் நாலு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தர்,
கல்லடி, மட்டக்களப்பு