மகளிர் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, பாம்பன்

தலைவி அவர்களுக்கும் வந்திருக்கும் அக்கா, தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு எல்லா மாதமும் நம்மால் கூட முடியவில்லை. பாசி எடுக்கப் போகிற நாளையும் கடலின் போக்கையும் பார்த்துத்தான் தேதி குறிக்க வேண்டியிருக்கிறது. விசைப்படகுத் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நிம்மதியாகக் கூடலாம் என்று போட்ட கணக்கும் தப்பிவிட்டது. வீட்டில் இருந்த ஆண்களுக்கும் சேர்த்துச் சமைப்பதிலேயே பொழுது போனது. தையல் வகுப்பு மூன்று வாரத்தில் நின்றது. சரி, அதை விடுவோம்.

சொல்லும்படி நடந்தது ஜூலை 30 கூட்டம்தான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தொண்டியைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும் என்பதால் பக்கத்து வீட்டுக்காரர் என்று உரிமை கொண்டாடினோம். 1912இல் சென்னையில் மருத்துவப் படிப்பை முடித்தவர், 1927இல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினர், பிறகு அதன் துணைத் தலைவர் என்று நான் வாசித்துக்கொண்டு போனேன். ஏலக்கடை அக்கா குறுக்கே மறித்தார்: "ஓட்டு வாங்கி ஜெயிக்கலியே, நியமனம்தானே? கொடுத்த நாற்காலியில உட்கார்றது பெரிய காரியமா?"

எனக்குச் சுருக்கென்றது. என்னையும் போட்டியில்லாமல்தானே செயலாளர் ஆக்கினீர்கள்!

அப்புறம் பேச்சு அந்த நாற்காலியில் அவர் செய்ததன் பக்கம் திரும்பியது. சிறுமிகளைக் கோயிலுக்குத் தேவதாசியாக நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய அம்மாவே அந்த மரபில் வந்தவர். 'ஊழியத்தை விட்டால் அந்தப் பெண்கள் எதைச் சாப்பிடுவார்கள்?' என்ற கேள்விக்கு 1929 சட்டம் பதில் சொன்னது: கோயில் ஊழியத்தை விட்டாலும் அதற்காகக் கொடுத்த மானிய நிலம் அவர்களுக்கே. இந்த இடம் நம் ஆட்களுக்கு உடனே பிடிபட்டது. பட்டா விவகாரம் தெரியாத வீடு இங்கே எது? காந்தி கைதானதைக் கண்டித்து 1930இல் அவர் பதவியை உதறினார். பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் முழுசாக நிறைவேறியது 1947இல்தான், அவர் சபையை விட்டு 17 ஆண்டு கழித்து. மற்ற இடங்களில் சேர்த்துக்கொள்ளாத பெண் பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய ஔவை இல்லத்தையும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

உள்ளாட்சியில் இப்போது நமக்குப் பாதி இடம். ஆனாலும் முன்பு வார்டு உறுப்பினராக இருந்த நம் உறுப்பினர் ஒருவர், கையெழுத்து மட்டும்தான் தன்னுடையது, பேசியதெல்லாம் வீட்டுக்காரர் என்று ஒத்துக்கொண்டார். அன்று போட்ட தீர்மானம்: நம்மில் யார் பதவிக்கு வந்தாலும் கூட்டத்துக்குத் தானே போக வேண்டும். வீட்டுக்காரர் வண்டியோடு வெளியே நிற்கலாம். ஏலக்கடை அக்காதான் முன்மொழிந்தார்.

அன்றைய டீச் செலவையும், கால் ஒடிந்த வாடகை நாற்காலிக்குக் கட்டிய பணத்தையும் பொருளாளர் தம் கணக்கில் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்